கயிற்றின் மற்றப் பக்கம்

முதலில் என் எழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் வரிகள் கீழே சரிந்துவிடும். பெரிய றகரம் எங்கே, சின்ன ரகரம் எங்கே என்பது இந்த வயதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கணினியில் ஏற்றப்போகிற பிள்ளை எழுத்துப் பிழைகளைத் திருத்தட்டும். ஆனால் அதை மட்டும் திருத்தினால் போதும். நான் ஓய்வு பெற்ற அன்று வாசித்த வாழ்த்துரையில் என்னை "புன்னகை மாறாத முகத்தோடு நோயாளிகளை வரவேற்றவர்" என்று எழுதியிருந்தார்கள். நான் ஒருவரையும் வரவேற்றதில்லை. ஆட்கள் வந்தால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கட்டிலைக் காட்டுவேன், அவ்வளவுதான்.

நான் வேலை செய்த வைத்தியசாலையின் பிசியோ பகுதி புதுக் கட்டடத்துக்கு மாறினதற்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். இப்போது அங்கே வேலை செய்கிற தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்து, "செல்வம் அண்ணை, உங்கட அனுபவத்தை ஒரு பக்கத்தில எழுதித் தாங்கோவன்" என்றார்.

"எனக்கு எழுத வராது தம்பி."

"வாற மாதிரி எழுதுங்கோ. கொஞ்சம் சுவாரசியமா இருந்தா நல்லம்."

பல நாள் சாக்குச் சொல்லிக் கடத்தினேன். பிறகு ஒரு நாள், முடியாது என்று நேரே சொல்லிவிட்டு வருவோம் என்று புதுக் கட்டடத்துக்குப் போனேன். அழகாகத்தான் இருக்கிறது. குளிரூட்டி, கண்ணாடி யன்னல், நிறம் பூசின பந்துகள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கயிறு எங்கை?" என்று கேட்டேன்.

"என்ன கயிறண்ணை? உடுப்புக் காயப்போடவோ?" என்று அந்தத் தம்பி கேட்டார். பக்கத்தில் நின்ற பிள்ளை சிரித்தது.

அதற்குப் பிறகும் நான் எழுதவில்லை. எரிச்சலோடு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். எழுதவைத்த ஆள் வேறு. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு எரிச்சலையும் இங்கேயே இறக்கிவிடுகிறேன். நான் ஒருநாளும் யாருக்கும் ஊசி குத்தியதில்லை. பிசியோ அறையில் உதவியாளாக இருந்தவன். கட்டில் விரிப்பேன், ஆட்களைத் திருப்பிப் படுக்க வைப்பேன், ஊசித் தட்டு எடுத்துக் கொடுப்பேன். ஆனால் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற யாருக்குக் கழுத்துப் பிடித்தாலும் என் வீட்டு வாசல் படலையில்தான் வந்து நிற்கிறார்கள். படலைச் சத்தம் கேட்டால் நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். என் மனிசி வெளியே போய், "அவர் இல்லை" என்பாள்.

"செருப்புக் கிடக்குதே அக்கா?"

"வெறுங்காலோட போயிட்டார்."

உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் எண்ணெய் பூசித் தலை பிடித்துவிடுகிற விலைப் பலகையிலேயே உலர் ஊசியையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று என் மருமகன் சொன்னான். வெள்ளைக்காரர் குத்திக்கொண்டு அப்படியே கடலில் இறங்குகிறார்களாம். குத்துகிறவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். போனில் பார்த்தாராம்.

உலர் ஊசி என்றால் என்ன என்று தெரியாமல் இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அது மயிர் போல மெல்லிய ஊசி. உள்ளே துளை இல்லை, மருந்தும் இல்லை. எங்கள் ஆட்கள் அதை வெறும் ஊசி என்பார்கள். வேலை செய்து செய்து தசைக்குள் ஓரிடம் இறுகி முடிச்சுப் போல நின்றுவிடும். நோவு அங்கேயே இருக்கும், சில வேளை தள்ளி வேறெங்கோ காட்டும். அந்த முடிச்சைத் தேடிக் குத்தினால் தசை ஒரு தரம் துடிக்கும். வலையில் கிடக்கிற மீன் வாலை அடிக்கிற மாதிரி ஒரு துடிப்பு. அதன் பிறகு இறுக்கம் மெல்ல விடும். எல்லாருக்கும் விடும் என்றும் இல்லை. மருந்தே இல்லாத ஊசியை ஏன் குத்துகிறீர்கள் என்று கேட்காத ஆளை நான் கண்டதில்லை. கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு பெரியவர், "மருந்து தீந்து போச்சென்டா சொல்லுங்க மவன், நாளைக்கு வாறன்" என்று எழும்பியே போய்விட்டார்.

இனி என் வேலைக்கு வருகிறேன். எங்கள் துறைமுகப் பட்டினத்தில் ஓர்ஸ் ஹில் என்கிற மேட்டுச் சரிவில் இருந்த ஒரு தனியார் வைத்தியசாலையில் நிலம் துடைக்கச் சேர்ந்தேன். துடைத்தேன், தள்ளுவண்டி தள்ளினேன், பிணமும் தூக்கினேன். பிறகு பிசியோ அறையில் இருந்தவன் வெளிநாடு போக, அதிகம் வாய் திறக்காதவன் என்பதற்காக என்னை அங்கே போட்டார்கள். அந்த அறைக்குப் பொறுப்பு வசந்தா மிஸ். என் காலம் முழுவதும் அவரிடம்தான்.

மிஸ் கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார். வழமையை விட மரியாதையாகப் பேசத் தொடங்குவார். "செல்வம், தயவு செய்து அந்தத் தலையணையை நீங்கள் விரும்பின நேரம் தரலாம்" என்றால், நான் பிந்திவிட்டேன் என்று அர்த்தம். பாராட்டுவது அவர் வழக்கத்தில் இல்லை. நோயாளி சுகமாகி வந்து நன்றி சொன்னால், "சரி, வேலையை மாத்திச் செய்யுங்கோ, இல்லாட்டித் திரும்ப வருவியள்" என்பார்.

ஊசி குத்துவதற்கு அவர் வைத்திருந்த ஒழுங்கை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருந்தபடி யாருக்கும் குத்த மாட்டார், படுக்க வைத்துத்தான். சாப்பிடாமல் வந்தவரை முதலில் கன்ரீனுக்கு அனுப்புவார். இரத்தத்தை இளக்குகிற மருந்துக் குளிசை எடுக்கிறவரா என்று கேட்பார். கை கழுவுவார், கையுறை போடுவார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை பொறுப்பார். ஊசி ஒரு சிறு குழாய்க்குள் இருக்கும். குழாயைத் தோலில் வைத்து மேலே விரலால் ஒரு தட்டு. குழாயை எடுத்துவிட்டு ஊசியை மெல்ல உள்ளே விடுவார். முடிந்ததும் உடனே எழும்ப விட மாட்டார். எவ்வளவு பெரிய ஆம்பிளையும் உடனே எழும்பினால் மயங்கி விழுவான். பிடிக்கிறவன் நான்.

தோளின் மேல்பக்கம் என்றால் மட்டும் மிஸ் வேறு ஆளாகிவிடுவார். பேசவும் மாட்டார். தசையை இரண்டு விரலால் கிள்ளி எலும்பை விட்டு மேலே தூக்கி, அந்த விரல்களுக்கு நடுவில்தான் குத்துவார். "கீழ நுரையீரல் இருக்குது. அதில ஓட்டை விழுந்தா நானும் நீங்களும் வீட்டை போகலாம், அவர் போக மாட்டார்" என்று என்னிடம் ஒரு தரம் சொன்னார். அந்தக் குத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை கேட்பார்.

இவ்வளவும் நல்ல ஒழுங்குதான். இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொன்று இருந்தது. அதுதான் என் உயிரை எடுத்தது.

மிஸ் யாருடைய தோளையும் முதுகையும் அவர்கள் வாயால் சொல்வதை வைத்துத் தொட மாட்டார். "வேலையைச் செய்து காட்டுங்கோ" என்பார். கரையில் நின்று கரைவலை இழுக்கிறவர் இழுத்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் யன்னல் கம்பியில் அந்தக் கயிறு. மூலையில் மணல் நிரப்பின சாக்கு, மூட்டை தூக்குகிறவருக்கு. ஒரு பழைய சைக்கிள் கைபிடி, ஓட்டோக்காரருக்கு. நோவு எந்த அசைவில் வருகிறது, முகம் எந்த இடத்தில் சுளிக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பார்.

ஆனால் துறைமுகத்து வேலை எதையும் தனி ஆள் செய்வதில்லை. மூட்டைக்கு இரண்டு பேர். வலைக்கு ஒரு வரிசை ஆள். "செல்வம், மற்றப் பக்கம் பிடியுங்கோ" என்பார் மிஸ். வாசலில் காத்திருக்கிறவர்களுக்குப் போட்ட வாங்கு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நாலு பேர் முன்னால் தண்ணீர் குடிக்கவே கூச்சப்படுகிற நான் கயிற்றின் மற்றப் பக்கத்தைப் பிடித்து ஏலேலோ என்று சாய வேண்டும்.

மூட்டையையும் வலையையும் பொறுத்துக்கொண்டேன். வெருகலில் இருந்து வயல் செய்கிற ஒரு கமக்காரர் வந்தார். எருமையைக் கட்டையில் கட்டும்போது தோள் பிடிக்கிறது என்றார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

"செல்வம், நீங்கள் தயவு செய்து கொஞ்சம் எருமையா நிக்கலாம்" என்றார்.

நின்றேன். அந்த மனிதன் என் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்துவிட்டு, "இது சாதுவா நிக்குது மிஸ். என்ர மாடு இப்பிடி இல்லை" என்று முறைப்பாடு வேறு சொன்னார். "முரண்டு பிடியுங்கோ செல்வம்" என்றார் மிஸ். வாங்கில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். இரண்டு கிழமை என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அன்று மனிசியிடம் சொன்னேன். "எருமைக்கு வேற எங்க வேலை குடுப்பினம்" என்றாள். அவளும் அந்த வாங்கில் இருந்தவர்கள் மாதிரித்தான்.

இப்போது யூட் வந்த கதை.

யூட்டுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். உப்புவெளிப் பக்கத்துக் கடற்கரை ஆள், வேதக் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. மனிசி மெற்றில்டாவோடு ஒரு காலையில் வந்தார். மனிசிதான் கதைத்தார்.

"இவர் ஹாபரில மா மூட்டை தூக்குறவர் மிஸ். நேற்றுப் பின்னேரம் தொடங்கினது தோள் நோவு. ஒரு பொட்டுப் படுக்கேல்லை. என்ர தங்கச்சிக்குக் கழுத்தில வெறும் ஊசி குத்தினீங்களெல்லோ, அதையே இவருக்கும் குத்திவிடுங்கோ."

"அது தங்கச்சியின்ர கழுத்து" என்றார் மிஸ். பிறகு யூட்டைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ. என்ன வேலை?"

"மூட்டைதான் மிஸ்."

"செய்து காட்டுங்கோ. செல்வம், மற்றப் பக்கம்."

மணல் சாக்கின் இரண்டு காதை அவர் பிடித்தார், இரண்டை நான். அச்சாவாகத் தூக்கினார். பழகின ஆள்தான், அதில் சந்தேகமே வரவில்லை. கை தோளுக்கு மேலே போகும்போது முகம் சுளித்தது. மனிசி சாக்கைப் பார்த்துக்கொண்டு, "பார்த்தீங்களோ மிஸ்" என்றார்.

மிஸ் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்துத் தோளைத் தடவினார். முடிச்சு இருந்தது. உடம்பால் வேலை செய்கிறவனின் தோளில் முடிச்சு இல்லாமல் இருக்குமா? ஆனால் அழுத்தினபோது யூட், "அது இல்லை மிஸ், இன்னும் உள்ளுக்க" என்றார். இன்னோரிடம் அழுத்தினார். "அதுவும் இல்லை."

"கையை ஆட்டாமல் கிடக்கேக்கயும் நோகுதோ?"

"ஓம்."

மிஸ் யோசித்துக்கொண்டு நின்றார். வெளியே வாங்கு நிறைய ஆட்கள். மெற்றில்டா, "அவர் நாளைக்கு வேலைக்குப் போகவேணும் மிஸ்" என்று இரண்டு தரம் சொன்னார். "சரி, மேல்தோளில ஒண்டு குத்திப் பார்ப்பம்" என்று மிஸ் கை கழுவப் போனார். மெற்றில்டாவை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு நான் திரையை இழுத்தேன். தட்டை எடுக்கப் போய் வந்ததில் திரை பாதி விலகித்தான் கிடந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

கட்டிலில் முகம் வைக்கிற ஓட்டை வழியாக ஒரு குரல் வந்தது.

"அண்ணை."

குனிந்தேன்.

"இதைக் குத்தினா நாளைக்கு இறங்க ஏலுமோ?"

"எங்க இறங்க?"

"கடலுக்க. சிலிண்டரோட."

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஆட்கள் மிச்சத்தையும் சொல்லிவிடுவார்கள். இது என் வாழ்க்கை முழுவதும் நடக்கிறது.

"மூட்டை விட்டுக் கனகாலம் அண்ணை. வெளிநாட்டுக்கு ஏத்துற கடலட்டை பொறுக்க இறங்குறன். மனிசிக்குத் தெரியாது. என்ர அண்ணன் இப்பிடி இறங்கித்தான் இடுப்புக்குக் கீழ விளங்காமல் படுக்கையில கிடக்கிறான். இவள்தான் அவனைத் துடைச்சுக் கழுவுறவள். என்னைக் கோயிலில வைச்சுச் சத்தியம் வாங்கினவள், இறங்க மாட்டன் எண்டு. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. நீங்கள் கதைக்காத ஆள் எண்டபடியால்தான் கேக்கிறன்."

எனக்கு வைத்தியம் தெரியாது. அந்த நோவு எதனால் என்று எனக்கு ஒரு எண்ணமும் ஓடவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வேலை என்னவென்று தெரியாமல் மிஸ் குத்துவதில்லை. இன்றைக்கு அவர் பார்த்தது வேறு வேலை. குத்தப்போவது நுரையீரலுக்கு மேலே. நாளைக்கு இந்த மனிதன் கடலுக்கு அடியில் நிற்பான்.

மிஸ் வந்துவிட்டார். கையுறை போட்டாயிற்று. துடைத்தார், காய விட்டார், தசையைக் கிள்ளித் தூக்கினார். "தட்டு" என்று கையை நீட்டினார்.

நான் தட்டைக் கொடுக்கவில்லை.

"செல்வம், உங்களுக்கு நேரம் இருந்தால்" என்று தொடங்கினார். மரியாதை கூடிக்கொண்டு போனது. சொல்லிப்போடாதேங்கோ என்ற குரல் இன்னும் காதுக்குள் நின்றது. சொல்ல நினைத்தாலும் வாய் வந்திருக்காது. அவசரம் என்றால் எனக்குக் கைதான் முந்தும், சின்ன வயதிலேயே அப்படித்தான்.

தட்டை மேசையில் வைத்தேன். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முதுகில், இல்லாத ஒரு பாரத்தை ஏற்றினேன். தோளில் பட்டியை இழுத்தேன். வாயில் ஒரு குழாயைக் கடித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடித்துக் கீழே, கீழே என்று நிலம்வரை போனேன்.

"இதென்ன கூத்து?" என்றார் மிஸ்.

வெளியே யாரோ சிரித்தார்கள். திரை திறந்து கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நிற்பாட்டியிருக்கலாம். நிற்பாட்டினால் அரைவாசி எருமை மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ, மூக்கைப் பிடித்தபடியே மற்றக் கையால் நிலத்தைத் துழாவி அட்டை பொறுக்கி இடுப்புப் பைக்குள் போட்டேன். பிறகு கையை நீட்டி யூட்டைக் காட்டினேன்.

சிரிப்பு நின்றது. திரைக்குப் பக்கத்தில் மெற்றில்டா நின்றார்.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை.

கட்டில் ஓட்டைக்குள் இருந்து பதில் வந்தது. "கோயில் பெருநாளுக்குப் பிறகு."

"நேற்றும் இறங்கினீங்களோ?"

"ஓம்."

மெற்றில்டா மிஸ்ஸைப் பார்த்தார். "இவற்ற அண்ணருக்கும் முதல் தோளிலதான் தொடங்கினது மிஸ். நாங்கள் எண்ணெய் பூசினனாங்கள்."

மிஸ் கையுறையைக் கழற்றிவிட்டார். எவ்வளவு ஆழம், எத்தனை தரம், எவ்வளவு கெதியாக மேலே வந்தீர்கள், விரல் மரக்கிறதா என்று கேட்டார். இரண்டு விரல் மரத்திருந்தது. காலையில் இருந்து மரத்திருந்ததை மனிசிக்கும் சொல்லவில்லை, மிஸ்ஸுக்கும் சொல்லவில்லை. "எழும்பாதேங்கோ. ஊசி இல்லை. டொக்டர் பார்க்க வேணும், இப்பவே" என்றார் மிஸ். ஒட்சிசன் சிலிண்டர் கொண்டுவரச் சொன்னார். அதை உருட்டிக்கொண்டு வந்ததும் நான்தான்.

தள்ளுவண்டியில் அவரை வாசலுக்குக் கொண்டுபோனதும் நான்தான். வழி முழுவதும் யூட் ஒட்சிசன் மூடியைத் தூக்கித் தூக்கி என்னை ஏசினார். "வெறும் ஊசியைக் குத்திவிட்டா முடிஞ்சிருக்கும். நாடகமோ ஆடுறாய் நீ? சொல்லாதை எண்டு சொன்னனெல்லோ?"

"அவர் சொல்லேல்லைத்தானே" என்று மெற்றில்டா பக்கத்தில் நடந்துகொண்டு சொன்னார். "மூடியைப் போடுங்கோ."

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கிருந்து, காற்றழுத்தம் கூட்டிச் சுகப்படுத்துகிற அழுத்த அறை இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்களாம். ஆழத்தில் இருந்து கெதியாக மேலே வந்தால் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழ் நின்றுவிடும், அது மூட்டில் நின்றால் தசை நோவு மாதிரியே இருக்கும், நாரி முள்ளந்தண்டுக்குள் நின்றால் கால் போய்விடும் என்று மிஸ் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். யூட் நடந்துதான் வீட்டுக்குப் போனார். விரல் மட்டும் கனநாள் மரத்திருந்ததாம். இனிக் கடலுக்கு அடியில் இறங்கவே கூடாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் கட்டில் துடைத்துக்கொண்டிருக்கும்போது மிஸ் கேட்டார்.

"செல்வம், நீங்கள் ஏன் வாயால சொல்லேல்லை?"

"சொல்லாதேங்கோ எண்டவர் மிஸ்."

மிஸ் ஸ்பிரிட் போத்தலை மூடி வைத்தார். பிறகு, "மனிசிக்கு முன்னால செய்து காட்டச் சொன்னது என்ர பிழை. அவர் மனிசிக்குச் சொன்ன வேலையைத்தான் காட்டினவர்" என்றார். அடுத்த நாளில் இருந்து வேலையைச் செய்து காட்டும்போது வீட்டுக்காரர் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவையும் சாத்தினோம். அதற்குப் பிறகு எத்தனை பேர் வேறு வேலை காட்டினார்கள் தெரியுமா? கடை முதலாளி என்று சொன்னவர் இன்னொருவர் கடையில் சாக்குத் தூக்கினார். ஒரு ரீச்சர் வீட்டில் இடியப்பம் பிழிந்து விற்றார்.

ஆனால் யூட்டுக்கு என்னில் வந்த கோபம் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனால் முகத்தைத் திருப்புவார். வாங்கில் இருந்து பார்த்த யாரோ சொல்லி, சந்தியில் நிற்கிற பெடியங்கள் என்னைக் கண்டால் மூக்கைப் பிடிக்கத் தொடங்கினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டே வணக்கம் சொல்வார்கள். ஒரு மனிதனின் காலைக் காப்பாற்ற ஒரு சின்ன உதவி செய்ததற்கு எனக்குக் கிடைத்தது இதுதான்.

பிறகு மிஸ் ஓய்வு பெற்று மகளோடு கொழும்பில் போய் இருந்தார். நாரி நோவால் ஏலாமல் நானும் ஐம்பத்தைந்து வயதோடு வேலையை விட்டு நின்றேன்.

இன்று காலை வேதக் கோயிலில் பூசை முடிகிற நேரம் படலைச் சத்தம் கேட்டது. குசினிக்குப் போனேன்.

"அவர் இல்லை" என்றாள் மனிசி.

"செருப்புக் கிடக்கு" என்றது யூட்டின் குரல். "வெறுங்காலோட போயிட்டாரெண்டு சொல்லாதேங்கோ, எனக்குத் தெரியும்."

வெளியே வந்தேன். யூட் நரைத்திருந்தார். மெற்றில்டா பின்னால் குடையோடு நின்றார். இப்போது மீன் சந்தையில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலையாம். தோள் நோகிறதாம்.

"நான் ஊசி குத்துறதில்லை" என்றேன்.

"உங்களிட்ட ஊசிக்கு ஆர் வந்தது? உங்கட புதுக் கட்டடத்துக்குப் போனனான். ஒரு பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு என்ன வேலையெண்டு கேட்டுது. மீன் வேலை எண்டன். சரி எண்டு போனில ஒண்டை அமத்திப்போட்டுக் கட்டிலில ஏறச் சொல்லுது. மீன் வேலையெண்டா என்ன வேலை எண்டு கேக்கேல்லை. நான் இறங்கி வந்திட்டன்."

"ஏன்?"

"மற்றப் பக்கம் பிடிக்க அங்க ஆர் இருக்கினம்?"

முற்றத்தில் மனிசி உடுப்பு ஊறப்போட்டிருந்த பெரிய வாளி இருந்தது. யூட் அதைக் காலால் தட்டிக் காட்டினார். நான் மற்றப் பக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி, திருப்பி, லொறியில் ஏற்றுகிற மாதிரி மதிலில் வைத்தோம். என் நாரி சொடுக்கென்றது. அவர் முகம் எங்கே சுளித்தது என்று பார்த்தேன். ஒவ்வொரு தரமும் ஒரே பக்கமாகத்தான் திரும்புகிறார். அது எதற்கு என்று சொல்ல நான் யார்? நாளைக்கு நானும் வருகிறேன், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் இதையே செய்து காட்டுவோம் என்றேன்.

"இப்ப தண்ணிக்க இறங்கிறேல்லைத்தானே?" என்று பக்கத்தில் நின்ற மெற்றில்டாவைப் பார்த்தே கேட்டேன்.

"முகம் கழுவுறதோட சரி" என்றார் அவர்.

படலை வரைக்கும் போன யூட் திரும்பி நின்றார். நன்றி சொல்லப்போகிறாராக்கும் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"அண்டைக்கு நீங்கள் காட்டினது முழுப் பிழை" என்றார். "அடியில போய் நிண்டும் மூக்கைப் பிடிச்சுக்கொண்டு அட்டை பொறுக்கிற ஆளை நான் இன்னும் காணேல்லை. முகத்தில கண்ணாடி இருக்கும். இறங்கேக்க மட்டும்தான் பிடிக்கிறது. இவ்வளவு வருசமா உங்களுக்குச் சொல்ல வேணும் எண்டு நினைச்சனான்."

மெற்றில்டா குடைக்குள் சிரித்தார். என் மனிசியும் சிரித்தாள், மதிலில் இருந்த வாளியைக் காட்டி அதை யார் இறக்குவது என்றும் கேட்டாள்.

அவர்கள் போன பிறகு சந்திக் கடைக்குப் போய் நல்ல கயிறாக ஒன்று வாங்கிவந்தேன். பிறகுதான் இதை எழுதக் குந்தினேன். நாளைக்குக் காலை கயிற்றையும் இந்தத் தாள்களையும் ஒன்றாகவே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு பக்கம் கேட்டீர்கள், கூடிவிட்டது. உங்கள் கண்ணாடி யன்னலில் கம்பி இல்லை. கயிற்றை எங்கே கட்டுவது என்பதையாவது படித்தவர்கள் நீங்கள் யோசியுங்கள்.

நவம்பர் மாதம் இரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.